தெருவிசையின் வரலாறு – 12: உரக்கச் சொல்லாத குரல்

சென்ற பகுதியை 1986இல் நிறுத்தியிருந்தோம். ரன்-டிஎம்சியின் ‘ரெய்சிங் ஹெல்’ அந்த ஆண்டு ராப் இசையை அமெரிக்காவின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. 1987 மார்ச்சில் பீஸ்டி பாய்ஸின் ‘லைசன்ஸ்டு டு இல்’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தைத் தொட்ட முதல் ராப் ஆல்பம் அதுதான். எல்எல் கூல் ஜேயும் புகழின் உச்சத்தில் இருந்தார். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று, உரத்த குரல். ராப் என்றாலே நெஞ்சை நிமிர்த்திக் கத்துவது என்று கேட்பவர்களும் பாடுபவர்களும் ஒருசேர நம்பியிருந்த காலம். 1987 ஜூலை 7 அன்று ஃபோர்த் அண்ட் பிராட்வே என்ற நிறுவனம், எரிக் பி., ராக்கிம் என்ற இருவரின் முதல் ஆல்பமான ‘பெய்ட் இன் ஃபுல்’லை வெளியிட்டது. பில்போர்டின் பொதுப்பட்டியலில் அது 58ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. இருந்தும், ராப் இசையின் வரலாற்றை இதற்கு முன், இதற்குப் பின் என்று பிரிக்கிற சில ஆல்பங்களில் இதுவும் ஒன்று. ஏன் என்று கேட்டால் ராக்கிமின் சொல்திறமையைத்தான் பெரும்பாலோர் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. இந்த ஆல்பம் ராப்பை மேடையிலிருந்து இறக்கித் தாளுக்கும் மைக்குக்கும் பக்கத்தில் உட்கார வைத்தது. கூட்டத்தை நோக்கிச் சொல்லப்பட்ட கலை, எழுதப்பட்டு ஒருவர் காதருகே வாசிக்கப்படும் கலையாக மாறியது. இதன் குறைகளாகச் சொல்லப்படுபவை கூட இந்த மாற்றத்துக்குச் சாட்சியாக நிற்கின்றன என்பதே இந்தப் பகுதியின் வாதம்.

உரத்த குரல் எங்கிருந்து வந்தது என்பதை முதல் பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். பிராங்க்ஸின் பூங்காக்களிலும் சமூகக் கூடங்களிலும் டிஜேதான் தலைவர். எம்சி அவருக்குத் துணை. ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கும் ஆடுகிறவர்களின் கூச்சலுக்கும் மேலே கேட்டாக வேண்டும் என்பதால் எம்சி குரலை உயர்த்தினார். அந்த நெருக்கடி சொல்லின் அமைப்பையும் தீர்மானித்தது. ஒவ்வொரு வரியும் தாளத்தின் நான்காவது தட்டில் வந்து முடியும். முடிகிற இடத்தில் இயைபு விழும். அடுத்த வரி அதற்குப் பதில் சொல்லும். கூட்டம் அந்த இயைபை எதிர்பார்த்துக் காத்திருந்து, விழும் நேரத்தில் சேர்ந்து கத்தும். திறந்த வெளிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. 1979இல் ராப் இசைத்தட்டுகள் வரத் தொடங்கியபின் பாடுகிறவர் பூங்காவை விட்டு ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டார். குரலை உயர்த்த வேண்டிய அவசியம் அங்கே இல்லை. மைக் உதட்டுக்கு அருகில் இருக்கிறது. முணுமுணுப்பைக் கூட அது பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் ஏழெட்டு ஆண்டுகள் ராப் பாடகர்கள் ஸ்டுடியோவுக்குள் நின்றுகொண்டு பூங்காவில் நிற்பதுபோலவே பாடினார்கள். பழைய சூழ்நிலை போனபின்னும் அதன் பழக்கம் நின்றுவிடவில்லை. அந்தப் பழக்கத்தை முறித்தவர் பூங்காக்களின் நகரத்துக்குச் சற்று வெளியே வளர்ந்த ஒருவர் என்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

வில்லியம் மைக்கேல் கிரிஃபின் என்ற ராக்கிம் 1968 ஜனவரி 28இல் பிறந்தவர். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள வயன்டான்ச் அவருடைய ஊர். இசை நிறைந்த வீடு. ஐம்பதுகளில் ரிதம் அண்ட் புளூஸ் உலகின் பெரும் பாடகியாக விளங்கிய ரூத் பிரவுன் அவருக்கு உறவில் அத்தை. பள்ளி நாட்களில் ராக்கிம் சாக்ஸஃபோன் வாசித்தார். ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பு அவரை ஆழமாகப் பாதித்தது. பதினாறு வயதில் ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்ற இயக்கத்தில் சேர்ந்தார். 1964இல் ஹார்லெமில் தோன்றிய அந்த இயக்கம், உண்மையை அறிந்த சிலருக்கு மற்றவர்களுக்குக் கற்பிக்கும் கடமை உண்டு என்று போதித்தது. அறிவு, கணிதம், ஒழுங்கு என்ற சொற்களிலேயே உலகத்தை விளக்கியது. எரிக் பாரியர் என்ற எரிக் பி. குவீன்ஸைச் சேர்ந்தவர், டபிள்யூபிஎல்எஸ் வானொலிக்காக வெளியிடங்களில் இசைத்தட்டு சுழற்றிய டிஜே. தன் இசைக்கு ஒரு எம்சியைத் தேடி லாங் ஐலண்ட் வரை வந்தவருக்கு, நண்பர் ஒருவர் மூலம் ராக்கிம் அறிமுகமானார். ராக்கிமோ அப்போது கல்லூரிக்குப் போய்ப் பந்து விளையாடத் திட்டமிட்டிருந்தவர். சாக்ஸஃபோனின் மூச்சுக் கணக்கு, போதிக்கிறவரின் நிதானம், நகரக் கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்ற வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒரே இளைஞரிடம் கூடியிருந்தன. குரலின் தன்மைக்கு இவை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவை இல்லாமல் அந்தக் குரலை விளக்கவும் முடியாது.

முதல் பதிவு நடந்த இடம் குவீன்ஸ்பிரிட்ஜ். வட அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுக் குடியிருப்பு அது. அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் மார்லி மார்ல் தன் கருவிகளை வைத்திருந்தார். பழைய இசைத்தட்டிலிருந்து ஒற்றை டிரம் அடியைப் பிரித்தெடுத்துச் சாம்பிளரில் ஏற்றி, அதையே புதிய தாளமாக அடுக்கலாம் என்று கண்டுகொண்ட முன்னோடி அவர். ஒலிப்பதிவுக்கு உதவியாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய சகாவான எம்சி ஷான். ராக்கிம் சோபாவில் உட்கார்ந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கிறார். குரல் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும், உற்சாகம் வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். ராக்கிம் மாற்றிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் சம்பந்தப்பட்டவர்களே பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இது. ராப் கலையின் இரண்டு கருத்துகள் அந்த அறையில் நேருக்கு நேர் வந்தன. ஷானும் மார்லியும் கேட்டது அறியாமையால் அன்று. அன்றைய இலக்கணப்படி அவர்கள் கேட்டது சரி. எழுந்து நின்று மூச்சை நிரப்பிக்கொண்டு எறிவதுதான் ராப் என்றிருந்தபோது, உட்கார்ந்து வாசிப்பது சோம்பலாகத்தான் தெரியும். அப்படிப் பதிவான ‘எரிக் பி. இஸ் பிரசிடென்ட்’, ‘மை மெலடி’ ஆகிய இரண்டு பாடல்களையும் 1986இல் ஸக்கியா ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாக வெளியிட்டது. அந்த ஆண்டு நியூயார்க் தெருக்களில் ஒலித்த மற்றப் பாடல்களோடு சேர்த்து ‘மை மெலடி’யைக் கேட்டால் முதலில் தெரிவது அதன் மெதுவான நடை. கனத்த டிரம்முக்கு மேலே ஒருவர் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு போகிறார். அவரைக் கேட்க வேண்டுமானால் நாம்தான் அருகே போக வேண்டும்.

குரல் தாழ்ந்ததும் சொல்லுக்கு வேறு வேலை கிடைத்தது. கூட்டம் சேர்ந்து கத்துவதற்காக வரி முடிவில் இயைபை வைக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. ராக்கிம் இயைபுகளை வரியின் நடுவில் வைத்தார், ஒரே வரிக்குள் இரண்டு மூன்று முறை வைத்தார், ஓரசைச் சொல்லோடு நிறுத்தாமல் மூன்று நான்கு அசைகள் நீளும் சொற்றொடர்களையே ஒன்றோடொன்று ஒலிக்க வைத்தார். வாக்கியம் தாள வட்டத்தோடு முடியாமல் அடுத்த வட்டத்துக்குள் வழிந்து, அங்கே எதிர்பாராத இடத்தில் நிற்கும். தாளம் நேர்கோட்டில் போக, சொல் அதன் குறுக்கே வளைந்து வளைந்து போகிறது. இதை அவர் செய்த முறை இன்னும் முக்கியமானது. எழுத உட்காரும்போது தாளில் பதினாறு புள்ளிகளை வைத்துக்கொள்வாராம். ஒரு சரணத்தின் பதினாறு தாள வட்டங்களுக்கு ஒவ்வொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள இடத்தில் எத்தனை சொல் கொள்ளும், எங்கே மூச்சு விடலாம், எங்கே இடம் விட வேண்டும் என்பதை வரைபடம்போலக் கண்ணால் பார்த்து நிரப்புவதாக அவரே விளக்கியிருக்கிறார். இது மேடையில் பிறக்கிற முறை அன்று. கூட்டத்தின் முன் நிற்பவருக்குப் புள்ளிகளும் இல்லை, தாளும் இல்லை. பழகிய சொற்றொடர்களும் அந்த நேரத்துச் சமயோசிதமும்தான் கையிருப்பு. புள்ளி வைத்து எழுதுகிறவர் தன் வரிகளைத் திரும்பிப் பார்க்கலாம், அடிக்கலாம், மூன்றாவது வரியில் வைத்த ஒலிக்கு ஒன்பதாவது வரியில் பதில் வைக்கலாம். உள்ளியைபுகளின் அடர்த்தி அவருடைய பிறவி வரம் என்று புகழ்வதைவிட, எழுதும் முறையின் விளைவு என்று புரிந்துகொள்வதே அவருக்கு நாம் தரக்கூடிய உண்மையான மரியாதை.

தனி இசைத்தட்டின் வெற்றியைப் பார்த்து, ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிளையான ஃபோர்த் அண்ட் பிராட்வே இருவரையும் ஒப்பந்தம் செய்தது. முழு ஆல்பம் வேண்டும், அதுவும் விரைவாக. குவீன்ஸிலிருந்த பவர் பிளே ஸ்டுடியோவில் வேலை தொடங்கியது. டிஸ்கோ காலத்தில் பெயர் பெற்ற இசையமைப்பாளர் பேட்ரிக் ஆடம்ஸ் அங்கே ஒலிப்பொறியாளராக உதவினார். ஒதுக்கப்பட்ட பணத்துக்குள் முடிப்பதற்காக நாற்பத்தெட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்ததாகவும், பல பாடல்களை ஒரே மூச்சில் பதிவு செய்ததாகவும், ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்ததாகவும் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். ராக்கிம் பீட்டைக் கேட்டுக்கொண்டே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரிகளை எழுதி, உடனே உள்ளே போய்த் தாளைப் பார்த்து வாசித்தார். மனப்பாடம் ஆகாத வரிகளை முதல் முறையாக வாசித்துப் பதிந்தது பின்னாளில் அவருக்கே நிறைவு தரவில்லை. இதை வைத்தே என் வாதத்தை மறுக்கலாம்: அவசரத்தில் நடந்ததைக் கலைக்கொள்கையாகக் காட்டலாமா, நேரம் கிடைத்திருந்தால் அவரும் மற்றவர்களைப்போல உருப்போட்டுப் பாடியிருக்க மாட்டாரா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அவசரம் இல்லாத முதல் பதிவிலும், குவீன்ஸ்பிரிட்ஜ் சோபாவில், அவர் இதே தாழ்ந்த குரலில்தான் வாசித்தார். மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை. ஆக, நிதானம் அவருடைய தேர்வு. பவர் பிளேயின் அவசரம் அதற்கு ஒரு கூடுதல் தடயத்தை மட்டும் விட்டுச்சென்றது. கண் தாளில் இருப்பதால் குரல் நடிக்கவில்லை. பாடகராக அவர் வருந்தியதில் பொருள் உண்டு. கேட்பவருக்கோ அந்த வாசிப்பில் சிந்தனை சொல்லாக மாறும் கணம் நேரடியாகக் கிடைக்கிறது.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். வாஷிங்டனின் சோல் சர்ச்சர்ஸ் குழு 1974இல் வெளியிட்ட ‘ஆஷ்லீஸ் ரோச்கிளிப்’ என்ற இசைக்கோவையின் டிரம் பகுதியும், டெனிஸ் எட்வர்ட்ஸின் 1984ஆம் ஆண்டுப் பாடலான ‘டோன்ட் லுக் எனி ஃபர்தர்’ பாடலின் பேஸ் வரியும் சேர்ந்ததுதான் அதன் இசை. அதற்கு மேல் ஒரு உரையாடல், ஒரே ஒரு சரணம். உரையாடலில் இருவரும் தங்கள் மேலாண்மை நிறுவனம் எது, நிகழ்ச்சி முகவர் யார், இசைத்தட்டு நிறுவனம் எது என்று அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்களைப்போலப் பேசிக்கொள்கிறார்கள். சரணத்தில் கையில் காசில்லாத ஒரு இளைஞன் பையைத் துழாவுகிறான், பசியை நினைக்கிறான், வழிப்பறி செய்த பழைய நாட்களை நினைக்கிறான், இனி உழைத்துச் சம்பாதிப்பது என்று முடிவெடுக்கிறான். பல்லவி திரும்பி வரவில்லை, இரண்டாம் சரணமும் இல்லை. கேட்கும் கூட்டத்துக்கு இங்கே ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை. ஒரு மனிதன் தனக்குள் யோசிப்பதை நாம் அருகிலிருந்து கேட்கிறோம், அவ்வளவுதான். ராப் பாடலில் ஏழ்மை புதிய பொருள் இல்லை; 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ அதை வலிமையாகவே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே அக்குழுவின் மெலி மெல் ஒரு தெருவையே பார்த்து அறைகூவினார். இங்கே முடிவெடுக்கும் மனத்தின் உள்ளோட்டம் பாடலாகிறது. அந்த உள்ளோட்டத்தை உரத்த குரலில் பாடவே முடியாது. குரலின் அளவும் பாடலின் பொருளும் இங்கே பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன.

ராக்கிமுக்கு முன்னோடிகள் இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த வாதம் நிற்காது. இருந்தார்கள். 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கில் ராப் போட்டியில் பிஸி பீயோடு மோதிய கூல் மோ டீ, கூட்டத்தை மகிழ்விக்கும் கலைக்கு எதிரே சொல்லடர்த்தியை ஆயுதமாக வைத்தார். 1984இல் டி லா ராக் ‘இட்ஸ் யுவர்ஸ்’ பாடலில் அகராதிச் சொற்களை அடுக்கினார். மெலி மெல், கிராண்ட்மாஸ்டர் காஸ் போன்றவர்களிடமிருந்து கற்றதை ராக்கிம் மறைத்ததில்லை. கூல் ஜி ராப்பும் பிக் டாடி கேனும் ஏறக்குறைய அதே நேரத்தில் உள்ளியைபுகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு ஸ்லிக் ரிக். 1985இல் ‘லா டி டா டி’யில் அவர் மிருதுவாக, கிட்டத்தட்டக் கொஞ்சலாகப் பேசினார். தாழ்ந்த குரலுக்கு ராக்கிம்தான் முதல்வர் என்றால் ரிக்கை எங்கே வைப்பது? வேறுபாடு இருக்கிறது. ஸ்லிக் ரிக் கதைசொல்லி. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றி நடித்தார். கதைக்கு மென்மை எப்போதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. ராக்கிம் எடுத்துக்கொண்ட பொருளோ தற்பெருமை. என்னைவிடச் சிறந்தவர் இல்லை என்று சொல்வது ராப்பின் மிகப் பழைய துறை, கத்தலையே மூச்சாகக் கொண்டிருந்த துறை. கத்தல் எங்கே கட்டாயமாகத் தோன்றியதோ அந்த இடத்திலேயே ராக்கிம் அதைக் கைவிட்டார். அப்போது பெருமைக்கு ஆதாரமாகக் குரலின் பலம் உதவாது. வரியின் கட்டுமானமே ஆதாரமாக நின்றாக வேண்டும். முன்னோடிகள் தனித்தனியாகச் செய்தவற்றை, சொல்லடர்த்தி, உள்ளியைபு, தாழ்ந்த குரல் மூன்றையும், ஒரே கலைமுறையாக இணைத்ததுதான் அவருடைய பங்கு.

அடுத்த குறை ஆல்பத்தின் மெலிவு. பத்தே தடங்கள். அவற்றில் ‘எரிக் பி. இஸ் ஆன் தி கட்’, ‘சைனீஸ் அரித்மெடிக்’, ‘எக்ஸ்டெண்டட் பீட்’ ஆகிய மூன்றில் ராக்கிமின் குரலே இல்லை. இன்னும் இரண்டு, முந்தைய ஆண்டே வெளிவந்த பாடல்கள். அப்படிப் பார்த்தால் ராக்கிம் புதிதாகப் பாடியவை ஐந்துதான். ஆல்பம் என்ற வடிவத்தைக் கொண்டு மதிப்பிட்டால் இந்தக் குறை உண்மையானது, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வரலாற்றைக் கொண்டு பார்க்கும்போது அந்த மூன்று தடங்களுக்கு ஒரு பொருள் இருக்கிறது. அவை டிஜேயின் பங்கு. இசைத்தட்டைத் தேய்த்து ஸ்க்ராட்ச் செய்யும் கையின் வித்தை. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொடங்கி டிஜே ஜாஸி ஜெஃப் வரை, குழுவின் பெயரில் டிஜே முதலில் நிற்பதுதான் வழக்கம். எரிக் பி. & ராக்கிம் என்ற பெயரும் அப்படியே. முதல் பாடலே டிஜேயைக் குடியரசுத் தலைவராக்கிப் போற்றுகிறது. ஆனால் அந்தப் போற்றுதலைக் கேட்கும் எவரும் போற்றுகிறவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பெயர்ப் பலகையில் பழைய முறை, உள்ளே புதிய முறை. டிஜேயின் கலையிலிருந்து சொல்லின் கலைக்கு ஹிப் ஹாப் கைமாறும் தருணத்தை இந்த ஆல்பம் அதன் தடவரிசையிலேயே பதிந்து வைத்திருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கடுமையானது: இந்த ஆல்பத்தின் இசை யாருடையது? ‘எரிக் பி. இஸ் பிரசிடென்ட்’ பாடலில் ஃபோண்டா ரே 1982இல் பாடிய ‘ஓவர் லைக் எ ஃபேட் ராட்’டின் பேஸ் வரியும், ஹனி டிரிப்பர்ஸ் 1973இல் வெளியிட்ட ‘இம்பீச் தி பிரசிடென்ட்’டின் டிரம்மும் இருக்கின்றன. ‘ஐ நோ யூ காட் சோல்’ 1971ஆம் ஆண்டு பாபி பேர்டு பாடலை வெளிப்படையாகவே எடுத்துக்கொள்கிறது. ‘ஐ எயின்ட் நோ ஜோக்’கில் ஒலிக்கும் ஊதுகுழல்கள் ஜேம்ஸ் பிரவுனின் இசைக்குழுவான ஜேபிஸுடையவை. இதைத் திருட்டு என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். மூல இசைக்கலைஞர்களுக்குப் பணமும் பெயரும் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி பழைய பாடலை எடுத்தாண்டது பற்றிய வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் அனுமதி பெறுவது நடைமுறையானது. ஆனால் எடுத்தாண்டதனாலேயே ஆக்கம் இல்லை என்றாகிவிடாது. ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். பணத்தின் படங்கள் பின்னணியாக, கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலிகளோடு இருவரும் நிற்கிறார்கள். அவர்கள் அணிந்த தோல் சட்டைகளில் குச்சி நிறுவனத்தின் சின்னங்கள். ஆனால் குச்சி அப்படிச் சட்டை தைத்ததே இல்லை. ஹார்லெம் 125ஆம் தெருவில் டாப்பர் டான் என்ற தையல் கலைஞர் அந்தச் சின்னங்களை அச்சிட்டுத் தாமே வடிவமைத்தவை அவை. ஆடம்பர நிறுவனங்களின் நடவடிக்கையால் 1992இல் அவருடைய கடை மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே குச்சி நிறுவனம் அவரோடு கூட்டுச் சேர்ந்து ஹார்லெமில் பட்டறை திறந்தது. தங்களுக்கு மூடப்பட்டிருந்த உலகத்தின் துண்டுகளை எடுத்து, அந்த உலகம் நினைத்துப் பார்க்காத வடிவத்தில் தைப்பதுதான் அட்டையிலும் உள்ளே இசையிலும் நடந்திருக்கிறது.

அப்படியானால் தைத்தது யார் என்ற கேள்வி வருகிறது. அதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. தயாரிப்பு எரிக் பி. & ராக்கிம் என்றுதான் ஆல்பம் சொல்கிறது. முதல் இசைத்தட்டின் இரண்டு பாடல்களையும் உருவாக்கியது தான்தான் என்று மார்லி மார்ல் பின்னாளில் சொன்னார். தான் கொண்டுவந்த இசைத்தட்டுகளை வைத்து ஒலிப்பதிவு செய்து கொடுத்ததே அவர் வேலை என்று எரிக் பி. மறுத்தார். பல பாடல்களுக்கான தாளங்களைத் தேர்ந்தவன் நானே என்று ராக்கிமும் சொல்லியிருக்கிறார். மூவரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவது வீண். இசைத்தட்டைக் கொண்டுவந்தவர், அதை வெட்டிச் சாம்பிளரில் ஏற்றியவர், எந்த வெட்டில் தன் வரி உட்காரும் என்று சொன்னவர் என மூன்று வகை உழைப்பு இங்கே கலந்திருக்கிறது. இசைத்தட்டு உறையில் அச்சிடும் பழைய பெயர் வகைகள் இந்த உழைப்புக்காக உண்டானவை அல்ல. ஒப்பந்தம், உழைப்பு, ஊதியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் ஒரு ஆல்பத்தைச் சுற்றியே இந்தத் தகராறு வளர்ந்தது வருத்தமான செய்திதான். 1992இல் நான்காவது ஆல்பம் வந்த பிறகு இருவரும் ஒப்பந்தச் சிக்கல்களால் பிரிந்தார்கள். மீண்டும் சேர்ந்து மேடையேறியது 2017 ஜூலை 7இல், ஹார்லெமின் அப்பலோ அரங்கில், ‘பெய்ட் இன் ஃபுல்’ வெளிவந்த முப்பதாம் ஆண்டு நிறைவு நாளில்.

வரவேற்பின் கதை என் வாதத்துக்கு இன்னொரு கோணத்தில் சான்று தருகிறது. அமெரிக்காவில் ஆல்பம் கறுப்பின இசைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது, 1987 முடிவதற்குள் கோல்டு தகுதி பெற்றது. பரவலான பொதுப்புகழ் முதலில் கிடைத்ததோ பிரிட்டனில். மேட் பிளாக், ஜோனதன் மோர் என்ற இருவரின் கூட்டான கோல்ட்கட், ‘பெய்ட் இன் ஃபுல்’ பாடலை ஏழு நிமிட ரீமிக்ஸாக்கினார்கள். அதில் யேமன் யூத மரபில் வந்த இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாசாவின் ‘இம் நினாலு’வை ராக்கிமின் சரணத்தோடு பின்னினார்கள்; பதினேழாம் நூற்றாண்டு யேமன் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடல் அது. ரீமிக்ஸ் பிரிட்டிஷ் பட்டியலில் 15ஆம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு ஹாசாவின் பாடலே அங்கே வெற்றி பெற்றது. அதே 1987இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த எம்/ஏ/ஆர்/ஆர்/எஸ் குழுவின் ‘பம்ப் அப் தி வால்யூம்’, ‘ஐ நோ யூ காட் சோல்’லில் ராக்கிம் சொன்ன ஒரு சொற்றொடரை வெட்டியெடுத்துத் தலைப்பாகவே வைத்துக்கொண்டது. எரிக் பி. கோல்ட்கட்டின் கைவேலையை முதலில் விரும்பவில்லை. அது அவர்களுடைய ஆல்பத்தின் இறுக்கத்தைக் கலைத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து கத்தும் குரலை அதன் கூட்டத்திலிருந்து பிரித்தால் அது தனித்துத் தவிக்கும். ராக்கிமின் குரலை எந்த இசைமேலும் வைக்க முடிந்தது, ஏனென்றால் அதன் தாளம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஹீப்ரு பாடலுக்குப் பக்கத்தில் வைத்தபோதும் அது தன் நடையை இழக்கவில்லை.

சக கலைஞர்கள் இதை விமர்சகர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். ‘ஐ நோ யூ காட் சோல்’ கேட்டபின்தான், அதற்கு ஈடாக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற உந்துதலில் ‘ரெபெல் விதவுட் எ பாஸ்’ பிறந்தது என்று பப்ளிக் எனிமியின் சக் டி சொல்லியிருக்கிறார். ஜேம்ஸ் பிரவுனின் இசைத்தட்டுகளைத் தோண்டியெடுக்கும் அலை இந்த ஆல்பத்துக்குப் பிறகு பெருகியது. குவீன்ஸ்பிரிட்ஜில் வளர்ந்த நாஸ், 1994இல் ‘இல்மாட்டிக்’ வெளியிட்டபோது ராக்கிமின் வாரிசு என்று பேசப்பட்டார். 2004இல் ராக்கிமின் வாழ்க்கையையே ஒரு பாடலாகப் பாடினார். பட்டியல்களின் கதை மெதுவாகவே நகர்ந்தது. விற்பனை பிளாட்டினம் தகுதியைத் தொட 1995 வரை ஆயிற்று. ரோலிங் ஸ்டோன் இதழின் ஐந்நூறு சிறந்த ஆல்பங்களில் 2003இல் 227ஆம் இடத்தில் இருந்தது, 2020இல் 61ஆம் இடத்துக்கு ஏறியது. இதை வெறும் பழம்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிந்தைய ராப் எழுத்து வளர வளர, அதன் இலக்கணம் எங்கே தொடங்கியது என்பது தெளிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கேற்ப இந்த ஆல்பமும் மேலே வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, ஹிப் ஹாப்பை நேசிக்கிறவர்களிடமிருந்தே வருவது. பூங்காவில் எல்லாரும் சேர்ந்து உருவாக்கிய கலையை, தனியே உட்கார்ந்து எழுதும் ஒருவரின் சொத்தாக்கிவிட்டதல்லவா இந்த மாற்றம்? இழப்பு இருக்கிறது. டிஜே பின்னுக்குப் போனார். அழைப்பும் பதிலுமாக ஓடிய பழைய ஆரவாரம் குறைந்தது. ஆனால் இந்த ஆல்பத்திலேயே ‘மூவ் தி கிரவுட்’ என்ற பாடல் இருக்கிறது. கூட்டத்தை அசைப்பதுதான் எம்சியின் வேலை என்ற பழைய நம்பிக்கையை ராக்கிம் கைவிடவே இல்லை. அசைக்கும் வழியை மாற்றினார். சொல்லைக் கவனிக்கும்படி கேட்பவரிடம் வேண்டினார், அதற்குத் தகுந்த சொல்லையும் கொடுத்தார். கறுப்பின இளைஞர்களின் பேச்சைச் சத்தம் என்று ஒதுக்கிய ஒரு நாட்டில், வரிவரியாகத் திரும்பக் கேட்டு ஆராய வேண்டிய எழுத்தாக அந்தப் பேச்சை நிறுத்தியது சிறிய செயல் அன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதில், ஒரு வார அவகாசத்தில், கையில் தாளோடு அதைச் செய்தார். இன்று ராப் வரிகளை இலக்கியமாகப் படிக்கலாமா என்று யாரும் தயங்குவதில்லை. அந்தத் தயக்கம் போனதற்கு இந்த நாற்பத்தைந்து நிமிட ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த பகுதியில் இதற்கு நேர் எதிரான பாதையைப் பார்ப்போம்: லாங் ஐலண்டிலிருந்தே கிளம்பி, இரைச்சலையே இசையாக்கிய பப்ளிக் எனிமியின் 1988ஆம் ஆண்டு ஆல்பம்.

(தொடரும்)